சதுரங்கத்துப் பேரெண்

சைவபாடசாலைகளில் மேல்வகுப்பு மாணாக்கர்க்கு எண்கணிதங் கற்பிக்கும் ஆசிரியர்கள், பேரெண்ணொன்றை எடுத்துக்காட்டி அதன் இயல்புகளை ஆராயுமாறு செய்தற்கு விரும்புவார்களாயின், அதற்கு மிகவும் பொருந்தியது இஃதென யாம் துணிந்து கூறுவோம்:

18446744073709551615

இருபது தானங்களையுடைய இவ்வெண்ணை எடுத்தோதியது யாதுக்கு? ஒன்றை முன் வைத்து இருபது சுழிகளைப் பின்னிட்டால் இதனினும் பெரியதோரெண் எளிதிலே வருமன்றோ எனின், வரும்; ஆயின் அஃது எழுதிவைத்த எண்ணேயன்றிக் கணித்தடைந்த எண்ணன்று. இதுவோ ஒன்று, இரண்டு, நான்கு என்னுஞ் சிறுவழியே நடந்து சென்று அடையப்படுவது. மேலும், தன்னுள்ளே பல அழகுகளையுடையது.

இவ்வெண் பிறந்த கதையை ஆசிரியர்கள் கேட்டிருப்பார்கள். சதுரங்க விளையாட்டை அமைத்தளித்த அறிஞனொருவனை நோக்கி அரசன், வேண்டும் பரிசில் யாதென்று வினவ, அவன் சதுரங்கப் பலகையின் முதலறைக்கு ஒரு தானியமணி, இரண்டாமறைக்கு இரண்டு, மூன்றாமறைக்கு நான்கு, இவ்வாறு அறைதோறும் இரட்டித்து 64 அறைக்கும் தருக என்றான் என்பது. 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இபுனு கல்லிக்கான் என்னும் அறபு வரலாற்றாசிரியர் இதனை இந்தியாவில் நிகழ்ந்ததாக எழுதிவைத்தார். அவர் கூறிய தானியம் கோதுமை. கேரளத்து அம்பலப்புழையிலுள்ள கண்ணன் கோயிலிலும் இக்கதை வேறோருருவில் வழங்குகின்றது. ஆங்குக் கண்ணனே முதியவர் வடிவில் வந்து அரசனுடன் ஆடி வென்று அரிசி கேட்டான் என்றும், அக்கடனுக்கு ஈடாகவே பாற்பாயசம் வழங்கப்படுகின்றது என்றும் கூறுவர். கதைகள் பலவாயினும் எண் ஒன்றே. அதனை அல்பிரூனி என்னும் பேரறிஞர் ஏறத்தாழ 1000 ஆம் ஆண்டளவில் எழுதிய நூலொன்றிற் பிழையின்றிக் கணித்துக் காட்டினார்.

அரசன் நகைத்தான் என்றே கதை கூறும். அவன் நகைத்ததற்குக் காரணமுண்டு. மாணாக்கரும் முதலில் அவ்வாறே நகைப்பர். முதல் வரிசை எட்டு அறைகளையுங் கூட்டின் 255 மணி. ஒரு கைப்பிடிக்கும் போதாது. இரண்டு வரிசை நிரம்பினால் 65535. ஒரு கிராமுக்கு 40 அரிசி என்று வைத்துக்கொள்ளின், இஃது ஒன்றரைக் கிலோகிராமுக்குச் சிறிது மேல். (சம்பாவாயின் எண்ணிக்கை இன்னும் மிகும், வேண்டுவார் தம் வீட்டரிசியை நிறுத்து எண்ணிக்கொள்க.) மூன்று வரிசைக்கு 16777215 மணி, 419 கிலோகிராம். நான்கு வரிசை, அதாவது பாதிப் பலகை நிரம்பும்போது 4294967295 மணி. ஏறத்தாழ 107 தொன். பாதிப்பலகை வரையும் அரசனுக்கு ஒரு குறையுமில்லை. நல்ல களஞ்சியமுடையான் அதனை நகைத்துக்கொண்டே கொடுப்பான்.

இவ்விடத்திலே ஆசிரியர் நின்று, "பாதிக்கு 107 தொன்னாயின் முழுப்பலகைக்கு எவ்வளவு?" என்று வினவுதல் வேண்டும். இருமடங்கு என்பாரே பலர். எமது வகுப்பில் எத்தனையோ முறை இதனைக் கேட்டிருக்கின்றோம். இருமடங்கு என்னும் விடை வாராத ஆண்டில்லை. உண்மையிற் பிற்பாதி முற்பாதியின் இருமடங்கன்று, 4294967296 மடங்கு. முழுத்தொகை 46116 கோடி தொன்னாகும். இக்காலத்து உலகமுழுதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி தொன்னுக்குச் சிறிது மேல். ஆகவே, ஏறத்தாழத் தொளாயிரம் ஆண்டுக்கு உலகினர் ஒருவரும் ஒருபிடியுண்ணாது விளைவனைத்தையுங் கொண்டுவந்து குவித்தாலே அவ்வறிஞன் கடன் தீரும்.

இனி, கணிக்குமாறு கூறுவோம். 64 முறை இரட்டித்துப் பின் அனைத்தையுங் கூட்டுதல் வீண் உழைப்பு. இடையில் ஒரு தானத்திற் பிழை புகினும் முழுவதுங் கெடும். கூட்டலைப் பின்வருமாறு ஒழிக்கலாம். பலகைக்கு வெளியே ஒரு மணியை இரவலாக வைத்துக்கொள்க. அதனை முதலறையின் ஒன்றோடு சேர்க்க இரண்டாகும். அவ்விரண்டையும் இரண்டாமறையின் இரண்டோடு சேர்க்க நான்காகும். அந்நான்கையும் மூன்றாமறையின் நான்கோடு சேர்க்க எட்டாகும். இவ்வாறு ஒவ்வோரறையும் கையிலுள்ளதை இரட்டித்துக்கொண்டே செல்லுதலின், 64 ஆமறை முடிவில் கையிலிருப்பது இரண்டின் 64 ஆம் வலு. இரவல் மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எஞ்சுவதே பலகையின் தொகை. ஆகவே இரண்டின் 64 ஆம் வலுவில் ஒன்று குறைந்ததே எமது எண்.

அந்த ஒன்று குறைதலை யாம் எளிதாகக் கூறினும், அதனால் ஒருமுறை வெட்கமடைந்ததுமுண்டு. ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில் யாம் இக்கதையை வகுப்பிற் கூறி, கரும்பலகையிலே கடைசித் தானத்தை 6 என முடித்துவிட்டோம். பின்வாங்கிலிருந்த மாணாக்கனொருவன் எழுந்து, "ஐயா, முதல் வரிசையைக் கூட்டினால் 255 அல்லவா வருகின்றது? 256 வரவில்லையே" என்றான். பத்தொன்பது தானங்கள் சரியாக எழுதப்பட்டிருந்தன. அவன் சிறியதோர் எண்ணைக் கொண்டு பெரியதன் பிழையைப் பிடித்துவிட்டான். அன்றுமுதல், பேரெண்ணைத் தொடுமுன் அதனையொத்த சிற்றெண்ணிற் சோதித்துப் பார்த்தலை எமது வகுப்பிற்கு விதியாக்கிக்கொண்டோம்.

வலுவைக் கணித்தற்கு ஆறே பெருக்கல் போதும். இரண்டை வர்க்கிக்க 4, அதனை வர்க்கிக்க 16, மேலும் வர்க்கிக்க 256, பின்னர் 65536, பின்னர் 4294967296, இதனையும் வர்க்கிக்க வருவது இரண்டின் 64 ஆம் வலு. அல்பிரூனி சென்றதும் இவ்வழியே. கடைசிப் பெருக்கலே சிறிது நீண்டது. அதனை இரு கூறாக்கி, 42949 என்பதை முற்கூறாகவும் 67296 என்பதைப் பிற்கூறாகவும் கொள்க. முற்கூற்றின் வர்க்கம் 1844616601. பிற்கூற்றின் வர்க்கம் 4528751616. இரண்டையும் பெருக்கி இரட்டித்தது 5780591808. முதலாவதைப் பத்துத் தானமும், மூன்றாவதை ஐந்து தானமும் இடப்பக்கம் நகர்த்தி மூன்றையுங் கூட்டுக. 18446744073709551616 வரும். சிலேட்டு இல்லாத இக்காலத்தும் ஒரு தாளின் அரைப்பக்கத்தில் அடங்குங் கணக்கு இது.

வாசிக்குமாறு எங்ஙனம்? கோடிக்கு மேற் பெயர் தேடி மயங்கவேண்டுவதில்லை. கோடியையே இருமுறை வழங்கலாம். 184467 கோடா கோடியும், 4407370 கோடியும், 95 இலட்சத்து 51 ஆயிரத்து 615 உம் என்று வாசித்தால் மாணாக்கர்க்கு விளங்கும். வலமிருந்து ஏழேழு தானமாகப் பிரித்துக்கொள்ளுதலே இதற்கு உபாயம்.

எழுதியது சரியோ என்று அறிதற்குச் சோதனைகள் பல. இரண்டின் வலுக்களின் கடைசித் தானம் 2, 4, 8, 6 என நான்கு நான்காகச் சுழலும். 64 நான்கினால் மிச்சமின்றிப் பிரிபடுதலின் வலு 6 இல் முடியும். ஒன்று குறைய 5. தானங்களை யெல்லாங் கூட்டின் 87, அதனையுங் கூட்டின் 15, பின்னும் 6. ஆகவே இவ்வெண் மூன்றினாற் பிரிபடும். ஒன்பதினாற் பிரிக்கின் 6 மிஞ்சும். இனி இரண்டின் 6 ஆம் வலுவாகிய 64 ஐ ஒன்பதினாற் பிரிக்க மிச்சம் ஒன்று. ஆதலின் 60 ஆம் வலுவின் மிச்சமும் ஒன்றே. எஞ்சிய நான்காம் வலுவாகிய 16 இன் மிச்சம் 7. ஒன்று குறைய 6. இரண்டும் ஒத்தன. பதினொன்றினாற் செய்யுஞ் சோதனையையும் விடலாகாது. தானங்கள் இடம் மாறிய பிழையை ஒன்பது காட்டாது, பதினொன்று பெரும்பாலுங் காட்டும். வலமிருந்து ஒன்றுவிட்டொன்றாகக் கூட்டியுங் கழித்தும் வர 37 வரும். அதன் மிச்சம் 4. இரண்டின் 10 ஆம் வலுவாகிய 1024 இன் மிச்சம் ஒன்றாதலின், 64 ஆம் வலுவின் மிச்சம் 16 இன் மிச்சமாகிய 5. ஒன்று குறைய 4. ஏழுபேர் இத்தானியத்தைப் பங்கிட்டுக்கொள்வாராயின் ஒரு மணி மிஞ்சும் என்பதை மாணாக்கரே கண்டுபிடிக்கட்டும்.

இதன் காரணிகளுக்கு வருவோம். இங்கேதான் இவ்வெண் ஏனைய பேரெண்களினின்றும் வேறுபட்டு விளங்குகின்றது. ஒரு வர்க்கத்தில் ஒன்று குறைந்தால், மூலத்தில் ஒன்று குறைந்ததும் ஒன்று கூடியதுமாகிய இரண்டின் பெருக்கமாகும் என்பதை அட்சரகணிதத் தொடக்கத்திலே மாணாக்கர் கற்கின்றனர். 99 என்பது 9 இனதும் 11 இனதும் பெருக்கம் என்பது போல. எமது எண் 4294967296 இன் வர்க்கத்தில் ஒன்று குறைந்தது. ஆதலின் அது 4294967295 ஐ 4294967297 ஆற் பெருக்கியது. முன்னையது பாதிப் பலகையின் தொகை என்பதை நோக்குக. அதுவும் 65536 இன் வர்க்கத்தில் ஒன்று குறைந்ததாதலின் 65535 உம் 65537 உமாகப் பிரியும். 65535 ஆனது 255 உம் 257 உமாம். 255 ஆனது 15 உம் 17 உம். 15 ஆனது 3 உம் 5 உம். இருபது தானமுள்ள எண்ணொன்று, ஒரு வகுத்தலுஞ் செய்யாமலே 3, 5, 17, 257, 65537, 4294967297 என ஆறு காரணிகளாக உதிர்ந்துவிட்டது.

இவ்வாறனுள் முதலைந்தும் முதன்மையெண்கள். பகாவெண்கள் எனவும் வழங்கும். ஆறாவது எத்தகையது? 17 ஆம் நூற்றாண்டிற் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த பெர்மா என்னுங் கணிதப் பேராசான், இவ்வரிசையில் வருவன யாவும் முதன்மையெண்களே என்று கருதினார். தம்மிடத்து நிரூபணமில்லை யென்பதை அவரே ஒப்புக்கொண்டார்; ஆயினும் கருத்தை விட்டாரல்லர். ஐந்தும் ஒத்துவந்தன, சொன்னவரோ பெரியார், ஐயுறுவார் யார்? ஏறத்தாழ நூறாண்டு அக்கருத்து நின்றது. 1732 இல் ஒயிலர் என்பார், 4294967297 ஐ 641 மிச்சமின்றிப் பிரிக்கும் என்றும், ஈவு 6700417 என்றுங் காட்டினார். மூன்று தானமேயுள்ள எண் அது.

அதனை அவர் கண்ட வகையும் அறியத்தக்கது. இவ்வாறாமெண்ணைப் பிரிக்கும் முதன்மையெண் எதுவாயினும், 64 இன் மடங்கொன்றுடன் ஒன்று கூடியதாகவே இருத்தல்வேண்டும் என்னும் விதியை ஒயிலர் பின்பு நிறுவிக் காட்டினார். அவ்விதிப்படி 65, 129, 193, 257 என வருவனவற்றுள் முதன்மையெண்களை மட்டும் எடுப்பின், 193, 257, 449, 577 என்னும் நான்கும் பிரியாதொழிய, ஐந்தாவதாகிய 641 பிரிக்கின்றது. ஐந்தே வகுத்தலில் முடிந்த காரியம். பெர்மா இதனைச் செய்து பாராமை வியப்பே.

வகுத்துப் பாராமலும் 641 பிரிக்கும் என்று நாட்டலாம். இஃது எமக்கு மிகவும் இனியதொரு நிரூபணம். 641 என்பது 5 ஐ 128 ஆற் பெருக்கி ஒன்று கூட்டியது. அதுவே 625 உம் 16 உம் கூடியது. அதாவது ஐந்தின் நான்காம் வலுவும் இரண்டின் நான்காம் வலுவுஞ் சேர்ந்தது. இனி 641 ஆற் பிரிக்கும் மிச்சங்களை மட்டும் நோக்குவோம். 5 ஐ 128 ஆற் பெருக்கிய 640 இன் மிச்சத்தை "ஒன்று குறை" எனக் கொள்ளலாம். அதனை நான்காம் வலுவுக்கு உயர்த்தின் மிச்சம் ஒன்று. அந்நான்காம் வலுவோ ஐந்தின் நான்காம் வலுவை இரண்டின் 28 ஆம் வலுவாற் பெருக்கியது. ஐந்தின் நான்காம் வலுவாகிய 625 இற்கு ஈடாக "16 குறை" என்பதை இடலாம். 16 இரண்டின் நான்காம் வலு. 28 உடன் 4 சேர 32. ஆகவே இரண்டின் 32 ஆம் வலுவைக் குறையாகக் கொண்டால் மிச்சம் ஒன்று. எனவே அவ்வலுவுடன் ஒன்றைக் கூட்ட மிச்சம் ஒன்றுமில்லை. அவ்வாறு கூட்டியதே 4294967297.

6700417 உம் முதன்மையெண்ணே. ஆதலின் எமது எண்ணின் முதன்மைக் காரணிகள் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என ஏழு. ஒன்றேனும் இருமுறை வாராமையின், இதனை மிச்சமின்றிப் பிரிக்கும் எண்கள் ஒன்றும் தானும் உட்பட இரண்டின் ஏழாம் வலுவாகிய 128. பலகையின் முதல் வரிசை எட்டாமறையிலுள்ள மணிகளும் அத்தனையே.

மேற்கூறிய முதலைந்து எண்களுக்குக் கேத்திரகணிதத்திலும் ஒரு பெருமையுண்டு. நேர்விளிம்பும் கவராயமும் மட்டுங் கொண்டு ஒழுங்கான முக்கோணியும் ஐங்கோணியும் வரைதலை யூக்கிளிட்டின் காலத்திலேயே அறிந்திருந்தனர். பதினேழு பக்கமுள்ளதும் வரையலாகும் என்பதை 1796 இற் கவுசு என்பார் கண்டார். அப்பொழுது அவருக்கு வயது 18. ஐந்தெண்களுள் வேண்டியவற்றை ஒவ்வொருமுறை எடுத்துப் பெருக்கின் வரும் பக்கத்தொகையுள்ள பல்கோணிகள் யாவும் அவ்வாறு வரையத்தக்கன. ஐந்தையும் பெருக்க வருவது 4294967295. ஒற்றைப்படைப் பக்கங்களையுடையனவாய் வரையலாகுமென இன்றுவரை அறியப்பட்டவற்றுள் இதுவே மிகப் பெரியது. மீண்டும் பாதிப் பலகை! வரையத் தொடங்குபவர் முடிக்கமாட்டார் என்பது வேறு.

இனி ஆசிரியர்களுக்குச் சிறப்பாகக் கூறவேண்டுவது ஒன்றுண்டு. காசியில் ஒரு கோயிலில் மூன்று வயிரவூசிகள் நாட்டப்பட்டு, ஒன்றில் 64 பொற்றட்டுகள் பெரியதன்மேற் சிறியதாக அடுக்கப்பட்டிருப்பதாகவும், பூசகர்கள் இரவும் பகலும் ஒருமுறைக்கு ஒரு தட்டாக, சிறியதன்மேற் பெரியதை வையாமல், அவற்றை வேறோரூசிக்கு மாற்றிக்கொண்டிருப்பதாகவும், மாற்றி முடிந்தவுடன் உலகம் ஒடுங்குமெனவும் ஒரு கதை வழங்குகின்றது. இதனை நம்மவர் சிலரே மாணாக்கர்க்கு மெய்வரலாறுபோலக் கூறுதலை யாம் கேட்டிருக்கின்றோம். காசியென்றவுடன் நமக்கு அன்பு மிகுதலின் இம்மயக்கம் நேர்கின்றது போலும். இது புராணத்தில் உள்ளதன்று; தலவரலாறுமன்று. எடுவார் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணிதர் 1883 இல் விற்பனைக்கு விட்ட விளையாட்டுக் கருவியொன்றுக்குச் சுவையூட்டும்பொருட்டு அக்காலத்துப் பிரான்சிற் கட்டப்பட்ட கதை. காசிக்குப் பெருமை இதனால் வரவேண்டியதில்லை. பிற்காலத்தில் மாணாக்கன் உண்மையறிந்தானாயின், நாம் கூறிய ஏனையவற்றையும் இதனோடு சேர்த்துத் தள்ளிவிடுவான். ஆதலின், விளையாட்டை விளையாட்டாகவே கற்பிக்க.

விளையாட்டோ மிக நன்று. ஒரு தட்டை மாற்ற ஒரு முறை, இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு ஏழு. ஒரு தட்டுக் கூடுமாயின், மேலுள்ளன யாவற்றையும் ஒருமுறை அகற்றி, அடித்தட்டை மாற்றி, அகற்றியவற்றை மீண்டும் அதன்மேற் கொணரவேண்டுமாதலின், முன்னைத் தொகை இரட்டித்து ஒன்று கூடும். 64 தட்டுக்கு வருவது எமது எண்ணே. மட்டைகளை வட்டமாக வெட்டி ஐந்து தட்டுச் செய்துகொடுத்தால் மாணாக்கர் 31 முறையில் முடிப்பர்.

நொடிக்கு ஒரு தட்டாக மாற்றினும், அல்லது நொடிக்கு ஒரு மணியாக எண்ணினும், செல்லுங் காலம் எவ்வளவு? 365¼ நாளுள்ள ஆண்டொன்றுக்கு 31557600 நொடி. அதனாற் பிரிக்க ஏறத்தாழ 58454 கோடி ஆண்டு வரும். விண்ணியலார் இன்று கணிக்கும் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு. அதனைப்போல் 42 மடங்கு. நம் புராணங்கள் சதுர்யுகத்துக்கு 43,20,000 ஆண்டு என்றும், ஆயிரஞ் சதுர்யுகம் பிரமாவுக்கு ஒரு பகல் என்றுங் கூறும்; அப்பகல் 432 கோடி ஆண்டு. ஆகவே அவ்வேலை முடிவதற்குப் பிரமாவின் 135 பகல் அளவு கழிந்து, பின்னும் மூன்றிலொரு பகலுக்குச் சற்றுக் குறைந்த காலஞ் செல்லும். பேரெண்களுக்கு அஞ்சாத முன்னோரின் கணக்கை இவ்வாறு ஓரளவுகோலாக வகுப்பிற் பயன்படுத்தல் தகும். அது கதையன்று, வகுத்தல்.

இவ்வெண் பழங்கதையோடு ஒழிந்ததுமன்று. இக்காலத்துக் கணினிகள் எண்களை ஒன்றும் சுழியுமாகவே குறிக்கும். அவற்றுட் பெரும்பாலன 64 இருமவிலக்கங்களை ஒருங்கே கையாளுவன. 64 இடத்தும் ஒன்றே நிற்குமாயின் அவ்வெண் யாது? அறைக்கொன்றாக 64 அறையும் நிரம்பிய சதுரங்கப் பலகையே அது. ஒன்று கூட்டினால் எல்லாஞ் சுழியாகிவிடும். எமது இரவல் மணிக்கு அங்கே இடமில்லை.

பயிற்சிக்கு ஒன்று தருகின்றோம். இவ்வெண்ணுக்கு இரண்டு கூடிய அயலெண் 18446744073709551617. அதாவது பெர்மாவின் வரிசையில் ஏழாவது. அதுவும் முதன்மையெண் அன்று. 274177 ஐ 67280421310721 ஆற் பெருக்கியதென லாந்திரி என்பார் 1880 இல் வெளியிட்டார். பெருக்கிச் சரிபார்க்கும் வேலையைச் சனிக்கிழமை வீட்டுவேலையாக விடலாம். பெருக்குமுன் ஒன்பதின் சோதனையைச் செய்விக்க: முதற்காரணியின் மிச்சம் 1, இரண்டாவதன் மிச்சம் 8, பெருக்கத்தின் மிச்சமும் 8. எமது வகுப்பில் முதல்முறையே சரியான விடை கொண்டுவந்தோர் இருவர். மற்றையோர்க்கு ஒன்பது எங்கே இடறியதென்று காட்டிற்று.